நஞ்சுக்கொடிக்கு முன்னால் ஒரு தியானம்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு முட்டாள். இந்தத் தொடரை வாராவாரம் படிப்பவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்கள் கடைசிவரை படித்து அதைக் கண்டுபிடிக்க வேண்டாமே என்று சொல்கிறேன்.

என் முட்டாள்தனத்தில் பல வகை உண்டு. இன்றைக்கு எழுதப்போவது குளிர்கால வகை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கஃபே. நாற்காலி இருந்தும் எல்லோரும் தரையில்தான் உட்காருவார்கள். அன்றைக்கு ஏழெட்டு வெளிநாட்டுக்காரர்களும் பெங்களூரிலிருந்து வந்த ஒரு தம்பதியும் பாய்மேல் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தார்கள். எதிர்ச் சுவரில் நான் எடுத்த படம். பனிமூட்டத்துக்குள் ஓர் ஆலமரம், விழுதுகளுக்கு நடுவே கிளையிலிருந்து தொங்கும் சாக்கு மூட்டைகள், தூரத்தில் பாதி கரைந்துபோன மாதிரி ஒரு மாடு. படத்துக்குக் கீழே சின்ன அட்டையில் ஆங்கிலத்தில் தலைப்பு: வேண்டுதல்கள்.

கஃபே முழுக்க லவங்கப்பட்டை வாசனை. முன்வரிசையில் வெள்ளை உடுப்பில் இருந்த ஒரு அம்மாவின் கன்னத்தில் கண்ணீர் மெதுவாக இறங்கி, தாடையில் கொஞ்ச நேரம் நின்று, சால்வையில் விழுந்தது.

நான் மூலையில் இஞ்சி டீயோடு உட்கார்ந்திருந்தேன். அந்த மூட்டைகளுக்குள் இருப்பது மாட்டின் நஞ்சுக்கொடி என்று சொல்லிவிடலாமா, வேண்டாமா?

டீ ஆறிப்போனது. இன்னொரு டீ சொன்னேன்.

மலையைக் காணோம்

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். திருவண்ணாமலையில் குளிர் என்றால் மற்ற ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் பாறைகள் பகலில் வாங்கிய வெயிலை ராத்திரியில் வட்டியோடு திருப்பித் தருபவை. ஆனால் அந்த வருஷம் குளிர் வந்து சம்பந்தி வீட்டார் மாதிரி உட்கார்ந்துகொண்டது. தீபத்துக்கு வந்தது, பொங்கலுக்கும் போகவில்லை. தை முடிகிற சமயத்திலும் தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கத்தில் வைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

காலையில் மலையே இருக்காது. கிரிவலம் வந்தவர்கள் ஒரு நம்பிக்கையில் சுற்றினார்கள். ஆந்திராக்காரக் குடும்பம் ஒன்று என்னை நிறுத்தி மலை எந்தப் பக்கம் என்று கேட்டது. கையைக் காட்டினேன். அங்கே வெறும் வெள்ளை. என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் பக்கமே கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

ஊரே குரங்குக் குல்லாவுக்குள் போய்விட்டது. எனக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. மனு கொடுக்க வருகிறவர், மனு வாங்குகிறவர், நடுவில் நின்று எழுதிக் கொடுக்கிறவர் எல்லோரும் ஒரே குல்லா. யார் யாரிடம் கும்பிடு போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நாள் அங்கே சமத்துவம் நிலவியது.

அசலுக்கு ஆசை

பல வருஷமாக மற்றவர்கள் பேப்பருக்கு நகல் எடுத்தவன், ஒரு தடவையாவது அசலை எடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் தப்பா? என் மனைவி மல்லிகா தப்பு என்றாள்.

கேமராவை எனக்கு விற்றவர் ஒரு வெள்ளைக்காரர். ஊருக்குக் கிளம்பும்போது எல்லாப் பற்றையும் விட்டுவிட்டதாகச் சொன்னார். விலையில் மட்டும் விடவில்லை. முக்காலியையும் என் தலையில் கட்டினார். கூடவே "விலங்குகளை எடு, அவை நடிக்காது" என்று ஓர் உபதேசம். அது இலவசம்.

விலங்குகள் நடிக்காதுதான். ஓடிவிடும். முதல் நாள் கிரிவலப் பாதையில் ஒரு குரங்கை எடுக்கப் போனேன். அது லென்ஸ் மூடியைப் பிடுங்கிக் கடித்துப் பார்த்தது. ருசி பிடிக்காமல் என் மேலேயே வீசியது. அடுத்து, டீக்கடை அடுப்புச் சாம்பலில் சுருண்டிருந்த நாய். குனிந்து, படுத்து, உருண்டு எடுத்தேன். டீ மாஸ்டர் என்னை எழுப்ப தண்ணீர் தெளித்தார். வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

எருமை ஒன்றைப் பனியில் எடுத்துக்கொண்டுவந்து மல்லிகாவிடம் பெருமையாகக் காட்டினேன்.

"ஏங்க, இந்தப் பாறைய எதுக்குங்க எடுத்தீங்க?"

"எருமைடி."

"அப்ப அதுக்கு முன்னாடி இருக்கிறது?"

"அதுதான் பாறை."

போட்டோவுக்கும் எனக்கும் பழைய பகை ஒன்று உண்டு. என் கல்யாண ஆல்பத்தில் ஒரு படத்தில்கூட என் கண் திறந்திருக்காது. தாலி கட்டும்போது மூடியிருக்கிறது. மாலை மாற்றும்போது மூடியிருக்கிறது. பந்தியில் சாப்பிடும்போதும் மூடியிருக்கிறது. போட்டோக்காரரிடம் சண்டைக்குப் போனேன். "பக்தியா இருக்கீங்கன்னு நெனைச்சிப்பாங்க சார், விடுங்க" என்றார். கண்ணை மூடியிருப்பவர்களைப் பக்திமான் என்று ஊர் நம்பிவிடும் என்பதை அன்றைக்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கஃபே விஷயத்தில் உதவியிருக்கும்.

முக்காலியும் ஒரு ஊர்ப் பஞ்சாயத்தும்

கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு கிராமம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் கடைக்கே வந்து உதைப்பார்கள், வேண்டாம். விடிகிற நேரத்தில் ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தேன். விரல் மரத்து பிரேக் எது, ஹாரன் எது என்று தெரியவில்லை. வேர்க்கடலைக் கொல்லை ஓரம் முக்காலியை நட்டு, வரப்பில் நின்ற கொக்கைக் குறிபார்த்தேன்.

பின்னால் ஒரு குரல். "இன்னாய்யா அளக்கிற?"

திரும்பினால், தலையில் துண்டும் கையில் மண்வெட்டியுமாக ஒரு பெண். வசந்தா. அப்போது பெயர் தெரியாது, மண்வெட்டி மட்டும் தெரிந்தது.

"அளக்கலம்மா. போட்டோ எடுக்கறேன்."

"போன வருஷம் ஒருத்தன் இதே மாதிரி மூணு கால் குச்சி நட்டு கண்ணு வெச்சிப் பாத்துட்டுப் போனான். அடுத்த மாசமே ரோடு வருது, நெலத்த குடுன்றாங்க. நீ எந்த ரோடு?"

அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்கள் ஊரில் முக்காலி நட்டால் சர்வேயர், சர்வேயர் வந்தால் நிலம் போகும். கொக்கு எடுக்க வந்தேன் என்று சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நானே நம்பியிருக்க மாட்டேன். கடைசியில் கேமராவைத் திறந்து எடுத்த படங்களையெல்லாம் காட்டினேன். மங்கலான கொக்கு, கொக்கில்லாத வரப்பு, என் கட்டைவிரல்.

வசந்தா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னாள். "விடுங்கப்பா. கவர்மெண்டு ஆளா இருந்தா இவ்ளோ மோசமா எடுக்க மாட்டான்."

அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு அனுமதி. வசந்தா 'அண்ணா' என்று கூப்பிடத் தொடங்கினாள். அவள் புருஷன் சேகர் கீழ்பென்னாத்தூருக்கும் டவுனுக்கும் வேன் ஓட்டுகிறவர். வேன் ஓடும் நாளைவிட ஷெட்டில் நிற்கும் நாள் ஜாஸ்தி. அதனால் வீட்டை உண்மையில் ஓட்டியது ரோஜா. ரோஜா என்றால் அவர்கள் கறவை மாடு. சொசைட்டிக்கு அது ஊற்றும் பாலில்தான் அரிசியிலிருந்து பிள்ளைகளின் பஸ் பாஸ் வரைக்கும்.

மூட்டை

ரோஜா கன்று போட்டது நல்ல பனிக்காலத்தில். நான் போனபோது கன்றுக்குட்டி கோணிக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. வசந்தா நஞ்சுக்கொடியை வைக்கோலோடு சேர்த்து, கிளி படம் போட்ட பழைய அரிசிச் சாக்கில் கட்டினாள். சேகர் அதை ஏரிக்கரை ஆலமரத்தில் ஏறிக் கட்டிவிட்டு வந்தார். ஆலமரம் பால் மரம். கிளையைக் கிள்ளினால் பால் வடியும். அதில் கட்டினால் மாடும் அப்படியே கறக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த மரத்தில் ஏற்கனவே ஊர் மாடுகளின் மூட்டைகள் வரிசையாகத் தொங்கின.

மறுநாள் காலை மரத்தைச் சுற்றிப் பனி. என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு படம் எதுவும் ஆடாமல், அசையாமல், கட்டைவிரல் இல்லாமல் வந்துவிட்டது. குளிரில் நாற்றமும் கம்மி. அதனால் நின்று நிதானமாக எடுக்க முடிந்தது. கலைக்கு இதெல்லாம் முக்கியம்.

கஃபே முதலாளி வருணிடம் காட்டினேன். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, மன நிம்மதி தேடி வந்து, கேழ்வரகு பிஸ்கட்டை நாம் நிம்மதி இழக்கும் விலைக்கு விற்கிறவர்.

"அங்கிள்! செம டீப்பா இருக்கு. இந்த மூட்டையெல்லாம் என்ன?"

"நம்ம ஊர் ஜனங்க மரத்துல கட்டறது."

"ஓ, வேண்டுதல்!"

நான் பொய் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அந்த ஆட்டலில்தான் படம் சுவருக்குப் போனது, தலைப்பு வந்தது, முன்னால் பாய் விரித்தார்கள், அந்த அம்மா அழுதார். கஃபேயில் எனக்கு டீ இலவசமானது. கடையில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களிடம் "கொஞ்சம் வெளிச்சம் பார்த்து நில்லுங்க" என்று சொல்லும் அளவுக்கு எனக்கு முற்றிவிட்டது.

வருண் அடுத்து என்ன என்று கேட்டார். "கறவை" என்றேன். விடியற்காலையில், குளிரில், செம்பிலிருந்து ஆவி பறக்கும் பால். அவருக்கும் புல்லரித்தது.

மறுநாள் முதல் கறக்கும் நேரத்துக்கு வசந்தா வீட்டுக் கொட்டகையில் ஆஜர். குரங்குக் குல்லா, அதன்மேல் மப்ளர், மல்லிகாவின் பச்சை ஸ்வெட்டர், வாயில் டார்ச். ஒவ்வொரு பீச்சலுக்கும் ஒரு ஃபிளாஷ். ரோஜா கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கும். ஒரு கலைஞனை முதல்முறையாக ஒரு ஜீவன் மரியாதையோடு பார்க்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கண்ணு

ஒரு நாள் மத்தியானம் வசந்தாவும் சேகரும் கடை வாசலில் வந்து நின்றார்கள். சேகர் போனை நீட்டினார். கஃபேக்காரர்கள் என் படத்தைப் போனில் ஊர் உலகத்துக்கெல்லாம் பரப்பியிருந்தார்கள். லைக் போட்டவர்கள் எண்ணிக்கையைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பாத்தீங்களா சேகர், எவ்ளோ பேர் பாத்திருக்காங்க!"

"அதுக்குத்தான் சார் வந்தோம்" என்றார் அவர்.

வசந்தா குறுக்கே வந்தாள். "அது எங்க மூட்டைண்ணா. கிளி தெரியுது பாருங்க. மரத்துல கட்டறதே நாலு பேர் கண்ணுல படாம இருக்கத்தான். நீங்க அத செவுத்துல மாட்டி, வெள்ளைக்காரங்கள உக்கார வெச்சி பாக்க வுட்டிருக்கீங்க. பால் பாதியா நின்னு போச்சு."

"குளிருக்கும்மா. மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்க."

"வந்தாரு. மாட்டுக்கு ஒண்ணுமே இல்லன்னுட்டாரு. ஒண்ணுமே இல்லாத மாடு எதுக்குப் பால நிறுத்தும்? நீங்க படம் மாட்டின வாரத்துலேர்ந்துதான் இப்பிடி."

நான் அறிவியல் பேச ஆரம்பித்தேன். கண்ணுக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம், அதுவும் படத்தைப் பார்த்தவர்கள் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொண்டல்லவா உட்கார்ந்திருந்தார்கள் என்றேன். சேகர் என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன்.

"சார், வியாழக்கிழமை சந்தை. அதுக்குள்ள பழையபடி கறக்கலன்னா ஓட்டிடப்போறேன். தீவனம் போட்டு சும்மா கட்டி வெச்சிருக்க என்னால முடியாது."

கடையில் ஒரு ஜெராக்ஸ் மெஷினின் மூடி திறந்து கிடந்தது. வசந்தா அதை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். மண்வெட்டியோடு ஊரையே கூட்டியவள் அப்படி நின்றதைப் பார்க்க எனக்கு நன்றாக இல்லை.

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தை மல்லிகாவிடம் சொன்னேன். மூடநம்பிக்கை என்று ஆரம்பித்தேன்.

"நம்பிக்கை இருக்கட்டும். அந்த மாடு போச்சுன்னா அந்தப் பொண்ணு என்னங்க பண்ணுவா?"

"அதுக்காக என் ஒரே படத்தை..."

"ஒரே படம்னு நீங்களே சொல்றீங்க. பாக்கியெல்லாம் கட்டைவிரல்தான? கழட்டுங்க போய்."

உண்மைக்குக் கிடைத்த மரியாதை

கஃபேக்குப் போனேன். வருண் ஒத்துக்கொள்ளவில்லை. வேறு வழியில்லாமல் பாயில் உட்கார்ந்திருந்த எல்லோர் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தேன். இது வேண்டுதல் இல்லை, மாடு கன்று போட்டதும் விழுகிற நஞ்சுக்கொடி, சாக்கில் கட்டித் தொங்கவிட்டது, மன்னிக்க வேண்டும்.

வருண் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போதே முகம் சுருங்கியது. என்னை அடித்துத் துரத்துவார்கள் என்று வாசல் பக்கம் நகர்ந்தேன்.

அந்த வெள்ளை உடுப்பு அம்மா இரண்டு கையையும் நெஞ்சில் வைத்து, "தாய்!" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அழ ஆரம்பித்துவிட்டார்கள். பெங்களூர்த் தம்பதி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிரபஞ்சத்தின் கருவறை என்று ஒருவர் விளக்கினார். வேண்டுதலாக இருந்தபோது ஒருவர்தான் அழுதார். நஞ்சுக்கொடி ஆனதும் மொத்த பாயும் அழுதது. இந்த ஊரில் உண்மையைச் சொன்னாலும் வியாபாரம் கெடாது.

"அங்கிள், இப்பதான் இதுக்கு நெஜமான டிமாண்டு" என்று வருண் காதில் சொன்னார். எனக்கும் கை கொஞ்சம் தயங்கியது. பொய் சொல்வானேன், நன்றாகவே தயங்கியது. அவர்கள் கண்ணை மூடிய சமயம் பார்த்து ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றினேன். போனில் போட்டதையும் வருண் முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். சட்டத்தை ஸ்கூட்டரில் காலிடுக்கில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் பனிக்காற்று அதில் மோதி வண்டியைப் பாய்மரம் மாதிரி இழுத்தது.

அன்றிலிருந்து இலவச டீயும் நின்றது.

தியாகியின் மேற்பார்வை

இவ்வளவு பெரிய தியாகம் செய்தவன் பலனைப் பார்க்க வேண்டாமா? மறுநாள் விடியற்காலை கொட்டகைக்குப் போய் நின்றேன். வசந்தா கன்றை ஊட்டவிட்டு, பிடித்துக் கட்டிவிட்டு, செம்போடு உட்கார்ந்தாள். நான் நன்றாகத் தெரியட்டும் என்று டார்ச்சை மடிக்கு நேராக அடித்தேன். செம்பின் அடி மட்டும் நனைந்தது.

"படத்த நெஜமாவே கழட்டிட்டீங்களாண்ணா?"

"எங்க வீட்டு பீரோ பின்னாடி இருக்குதும்மா. செவுத்தப் பாத்த மாதிரி."

அதற்கடுத்த நாளும் போனேன். மாட்டைக் குஷிப்படுத்தலாமே என்று பக்கத்தில் போய்க் கழுத்தைத் தடவி "ரோஜா, ரோஜா" என்று பேசிப் பார்த்தேன். அது தோலைச் சிலிர்த்துக்கொண்டு பின்னங்காலை மாற்றி வைத்தது. செம்பு உருண்டது. வசந்தா தலையில் கை வைத்துக்கொண்டாள். சேகர் கயிற்றுக்கு நீளம் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தைக்கு ஓட்டிப் போகிற கயிறு.

"மரத்துலேர்ந்து மூட்டைய எறக்கி, வேற மரத்துல கட்டிப் பாக்கலாமா?" என்று அவள் அவரைக் கேட்டாள். அவர் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.

சும்மா இருக்க முடியாமல் நான் அன்றைக்கே தனியாக ஏரிக்கரைக்குப் போய், அந்த மரத்தடியில் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்தேன். அறிவியல் பேசிய அதே ஆள்தான். ஏரிக்காற்றில் ரொம்ப நேரம் நின்றதில் சாயங்காலமே ஜுரம் வந்துவிட்டது.

படுத்த படுக்கை. மிளகு ரசம், ஆவி, இரண்டு கம்பளி. செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை காலை எழுந்திருக்கப் பார்த்தேன். மல்லிகா கம்பளியை என் கழுத்துவரை இழுத்துவிட்டுச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டாள். வசந்தாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. சந்தைக் கூட்டத்தில் ரோஜா நிற்பது மாதிரியும், தரகர்கள் துண்டுக்குள் கை விட்டு விலை பேசுவது மாதிரியும் நாள் பூராவும் கண்ணுக்குள் ஓடியது. அதை எடுக்கக் கேமரா வேண்டும் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

சனிக்கிழமை உடம்பு தேறியது. ஸ்கூட்டரை எடுத்தேன். கீழ்பென்னாத்தூர் தாண்டும்போதே வெயில் வந்துவிட்டது. கறக்கிற நேரம் எப்போதோ போயிருந்தது. கொட்டகைப் பக்கம் பார்க்கத் தைரியம் வராமல் முதலில் வைக்கோல் போரைப் பார்த்தேன், பிறகு கோழியைப் பார்த்தேன்.

பிறகு ரோஜாவைப் பார்த்தேன்! முளையில் கட்டி, அசைபோட்டுக்கொண்டு, பக்கத்தில் கன்று. வாசலில் வசந்தா சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு வந்த கேனைக் கழுவிக்கொண்டிருந்தாள். பெரிய கேன். உள்ளே கழுவக் கையைத் தோள்வரை விட வேண்டியிருந்தது.

"கறக்குதாம்மா?"

"கறக்குதுண்ணா. பழையபடி. சந்தைக்கு ஓட்டல."

எனக்கு நெஞ்சு விம்மிவிட்டது. என் படம், என் புகழ், என் இலவச டீ எல்லாவற்றையும் கொடுத்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். இதை அவள் வாயால் கேட்க வேண்டும், நாலு பேரிடம் சொல்ல வேண்டும், இந்தப் பத்திரிகையில் எழுத வேண்டும். குல்லாவைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டேன்.

"என்னிக்கிலேர்ந்தும்மா பால் எறங்க ஆரம்பிச்சுது?"

வசந்தா கேனிலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீங்க வராத அன்னிக்கிலேர்ந்து."